எந்தக் கணினியிலும் தெரிகிற மணமகள்

வெள்ளவத்தையில் நான் வேலை பார்த்த கலியாணத் தரகர் முன்பு தபாலதிபராக இருந்தவர். முப்பது வருடம் கடிதம் சேர்ப்பித்த கை சும்மா இருக்குமா? ஓய்வு பெற்றதும் ஆட்களைச் சேர்ப்பிக்கத் தொடங்கிவிட்டார். யுத்தம் அவருக்குத் தோதாகவே இருந்தது. மாப்பிள்ளைகள் எல்லாரும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும். பெண்கள் எல்லாரும் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே வாடகை அறைகளில், ஒரு கையில் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவும் மறு கையில் சாதகமுமாக. இரண்டு பக்கத்தையும் இணைக்க ஒரு மனிதர் தேவைப்பட்டார். அந்த மனிதர் தான்தான் என்று, வேறு யாரையும் கேட்காமல், அவர் முடிவெடுத்துக்கொண்டார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஓர் அச்சகத்தில் கலியாண அட்டைகளும் இறந்தவர்களுக்கான முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களும் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். விசைப்பலகையைப் பார்க்காமல் தமிழ் அடிப்பேன். அவருக்கு அந்தத் தகுதி போதுமாக இருந்தது. தன் தொடர்மாடி வீட்டின் முன்னறையில் புதுக் கணினி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இனிப் போட்டோ, கூரியர் ஒண்டும் வேண்டாம். உலகம் முழுக்க ஒரு இடத்தில வந்து பாக்கட்டும். நீர் ஒரு வெப்சைற் செய்யும்."

"இங்கிலீஷிலயோ அங்கிள்?"

"ஏன் இங்கிலீஷ்? எங்கட பிள்ளையளை எங்கட பாஷையில கேக்கிறதுதான் மரியாதை. தமிழில செய்யும். வடிவான தமிழில."

வெப்சைற் செய்ய எனக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது என்பதால் இருவரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கினோம். ஒரு புத்தகத்தை வாங்கி, அதைப் பார்த்து நான் பெண்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் பக்கங்களைக் கட்டினேன். எழுத்துருவைத் தெரிவு செய்யும் பொறுப்பை அங்கிள் தானே எடுத்துக்கொண்டார். எழுத்து, கணினித் திரையில் எந்த உருவத்தில் தெரிய வேண்டும் என்பதைச் சொல்வது எழுத்துரு. கொட்டாஞ்சேனையில் ஒருவர் நூறு தமிழ் எழுத்துருக்களை ஒரே இறுவட்டில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அதை வாங்கிவந்து ஒரு கிழமை பார்த்தோம். பெண் பார்ப்பதில் பழகியவர் அல்லவா, எழுத்தையும் அப்படித்தான் பார்த்தார். ஒன்று மெலிவு, ஒன்று குள்ளம், ஒன்றுக்கு 'றா' சரியில்லை, ஒன்று "இந்தியாக்காரற்ற எழுத்து மாதிரிக் கிடக்கு." கடைசியில் கலியாண அட்டைக்குப் போடுகிற, கொம்பும் காலும் கொடியாகச் சுருண்டு போகிற ஓர் எழுத்துரு அவர் மனதுக்குப் பிடித்தது.

"வாசிக்கக் கஷ்டம் அங்கிள்," என்றேன்.

"கலியாணம் பேச வாறவை வாசிக்கவே வருகினம்? பாக்கத்தானே வருகினம்."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "அவருக்கு வடிவு மட்டும் இருந்தாக் காணும் பிள்ளை. என்னையும் அப்பிடித்தான் எடுத்தவர், பிறகுதான் நான் கதைக்கத் துவங்கினனான்," என்றார். அன்ரி சமையலறையை விட்டு அதிகம் வெளியே வரமாட்டார். ஆனால் அவருடைய குரல் வீடு முழுவதும் இருக்கும்.

கொடி எழுத்தைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே நேரான எழுத்து ஒன்றைப் போட அவரைச் சம்மதிக்க வைத்தேன். இறுவட்டுக்காரரும் எல்லாக் கணினியிலும் வேலை செய்யும் என்று தொலைபேசியில் சத்தியம் பண்ணினார். நல்ல நாள் பார்த்து, கணினியின் மூலையில் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்தி, தளத்தை உலகத்துக்குத் திறந்துவிட்டோம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அங்கிள் தொலைபேசியில் விலாசம் சொன்னார்.

முதல் அழைப்பு ரொறன்ரோவிலிருந்து வந்தது. மகனுக்குப் பெண் தேடும் ஒரு தாய். எங்களுடைய மிக முக்கியமான வாடிக்கையாளர். ஏற்கெனவே பதினொரு பெண்களை வேண்டாம் என்றவர்.

"ஐயா, என்ன போட்டு வைச்சிருக்கிறியள்? இங்கிலீஷ் எழுத்தெல்லாம் உடைஞ்சு போய் நிக்குது. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. மகன் வைரஸ் எண்டு சொல்லி நிப்பாட்டிப் போட்டான்."

எங்கள் கணினியில் தமிழ் ஒரு வேஷம் மட்டுமே என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. 'கே' என்ற எழுத்துக்கு 'ம' என்று ஒரு முகமூடி, 'எஃப்' என்ற எழுத்துக்கு 'க' என்று ஒரு முகமூடி. அந்த முகமூடிகளின் பெட்டிதான் எழுத்துரு. அது எங்கள் கணினியில் இருந்தது, ரொறன்ரோவில் இல்லை. அங்கே எங்கள் மணப்பெண்கள் எல்லாரும் கேயும் எஃப்பும் அரைப்புள்ளியுமாக, வேஷம் கலைந்து நின்றார்கள்.

சரி, எழுத்துருவையும் தளத்திலேயே வைத்துவிடலாம், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: 'இந்தப் பக்கத்தை வாசிக்க முடியாவிட்டால் இங்கே அழுத்துங்கள்.' அங்கிளுக்கு வசனம் பிடித்துப்போயிற்று. 'தயவுசெய்து' என்று ஒரு சொல்லையும் சேர்க்கச் சொன்னார். அதையும் அதே எழுத்துருவில்தான் எழுதினோம் என்பதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. தேநீர் கொண்டுவந்த அன்ரி திரையைப் பார்த்தார்.

"வாசிக்க ஏலாத ஆக்கள் இதை மட்டும் எப்பிடி வாசிப்பினம்?"

அங்கிள் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். ஆங்கிலத்தில் மாற்றினேன். அதற்குப் பிறகும் பலன் இல்லை. மாப்பிள்ளைகள் பெரும்பாலும் வேலையிடத்துக் கணினியில்தான் பெண் பார்த்தார்கள். அங்கே புதிதாக எதையும் ஏற்ற விடமாட்டார்கள். வேறு ரகக் கணினி வைத்திருந்தவர்களுக்கு எங்கள் எழுத்துரு ஏறவே இல்லை. "தமிழுக்கு இவ்வளவு செய்யிறம், ஒரு பொன்ற் இறக்க ஏலாதோ இவைக்கு," என்று அங்கிள் இனத்தின் மேல் பழியைப் போட்டார்.

ரொறன்ரோத் தாய் விடவில்லை. தன் கணினியில் தெரிவதை அப்படியே அச்செடுத்துத் தொலைநகலில் அனுப்பிவைத்தார். ஒரு கட்டுக் காகிதம், வரிக்கு வரி குப்பை. இதை இறுவட்டுக்காரரின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்று அங்கிள் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, இரண்டு பஸ்.

இரண்டாவது பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் எங்களிடம் ஒழுங்காக இருந்தன. அங்கிளின் கைப்பையைத் திறந்த சிப்பாய் காகிதக் கட்டை வெளியே எடுத்தான். ஒரு பக்கத்தைப் பார்த்தான். திருப்பிப் பிடித்தும் பார்த்தான்.

"மே மொகத்த?" என்றான். இது என்ன என்பதற்கு உலகத்தில் யாராலும் அந்தக் கணத்தில் சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. அங்கிள் நீளமாகச் சொன்னார், தபாலதிபர் சிங்களத்தில். முகமூடி, பெட்டி, வேஷம் என்றெல்லாம் அவர் விளக்க விளக்க, சிப்பாய் துவக்கைத் தோள் மாற்றினான். அரைமணி நேரத்தில் நாங்கள் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

பொறுப்பதிகாரி வயதானவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். "கே, இசட், கே, எஃப், எஸ்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நங்கி," என்று தங்கை முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார், "இது எந்த முகாமின் செய்தி?"

தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள். மாளிகாவத்தைக்காரர், முஸ்லிம். அவர் காகிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இது தமிழ் இல்ல சேர்."

"தமிழ்தான் தம்பி! சுத்தத் தமிழ்!" என்று அங்கிள் எழும்பினார்.

"அப்ப வாசிச்சுக் காட்டுங்களே பாப்பம்," என்றார் கான்ஸ்டபிள்.

அங்கிளால் முடியாது. என்னால் முடியும். எந்த விசையில் எந்த எழுத்து என்பது எனக்கு மனப்பாடம். அதனால் காகிதத்தை வாங்கி, "மணமகள் தேவை. யாழ் இந்து உயர்குலம், கனடா குடியுரிமை, பொறியியலாளர், மது புகை இல்லை," என்று தங்குதடையில்லாமல் வாசித்தேன். உதவி செய்துவிட்டதாகவே நினைத்தேன். கான்ஸ்டபிள் என்னிடமிருந்து ஓரடி பின்னால் போனார். பொறுப்பதிகாரி மிக மெதுவாக, "அப்படியென்றால் சங்கேதம் உனக்குத் தெரியும்," என்றார்.

அந்த நேரத்தை இன்று சிரித்துக்கொண்டு எழுதலாம். அன்று சிரிப்பு வரவில்லை. அப்படிப்பட்ட வாங்குகளிலிருந்து வீடு திரும்பாத ஆட்களைப் பற்றி வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். 'மணமகள் தேவை' என்ற இரண்டு சொல்லுக்காக நானும் அந்தக் கதைகளில் ஒருத்தியாகிவிடுவேனோ என்று பயந்தேன். அங்கிள்தான் கடைசியில் உருப்படியாக ஒன்றைச் சொன்னார். "சேர், வீட்டுக்கு வாங்கோ. மெஷினில காட்டிறன். அங்க வடிவாத் தெரியும்."

ஜீப்பில் கூட்டிவந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஜீப் வந்தால் யன்னல் சீலைகள் தாமாகவே ஓரம் விலகும். அன்று எல்லா மாடியிலும் விலகின. அன்ரி கதவைத் திறந்து, பொலிஸைப் பார்த்து, புருஷனைப் பார்த்து, "யாருக்குப் பேசின கலியாணம் பிழைச்சுப் போச்சு?" என்று கேட்டார்.

கணினி உயிர் பெறும் வரை எல்லாரும் நின்றபடி காத்திருந்தோம். பக்கம் திறந்தது. நேரான, கறுப்பான, முழுத் தமிழ். கான்ஸ்டபிள் குனிந்து வாசித்தார். முகம் மாறியது. "சேர், உண்மைதான். இது கலியாண விஷயம்," என்று ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னார். நிறம், குலம், படிப்பு, சீதனம், கொழும்பில் வீடு. பொறுப்பதிகாரி கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். சீதன வரி வந்தபோது மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலும் அப்படியே இதுதான்," என்றார் சிங்களத்தில். "ஒரு சொல்லும் வித்தியாசமில்லை." இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற ஒரு விஷயத்தை அந்த வருடங்களில் நான் கண்டது அந்த முன்னறையில்தான். பிறகு அன்ரியின் தேநீரைக் குடித்துவிட்டு, தன் மருமகனுக்கு இதே மாதிரி ஒன்று சிங்களத்தில் செய்யலாமா என்று அங்கிளிடம் விசாரித்துவிட்டுப் போனார். காகிதக் கட்டைத் திருப்பித் தரவில்லை.

ஜீப் வந்த வீட்டுக்கு ஒரு மாதம் யாரும் சம்பந்தம் பேச வரவில்லை. அங்கிள் அதை எழுத்துருவின் குற்றமாகவே எடுத்துக்கொண்டார். "இங்கிலீஷா உடையிற எழுத்து இனி வேண்டாம் பிள்ளை. உடைஞ்சாலும் தமிழா உடையவேணும்."

அப்படியும் ஓர் எழுத்துரு இருந்தது. வெளிநாட்டில் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கூடிக் கூடிப் பேசி, ஆளுக்காள் கோபித்துக்கொண்டு, பிறகு ஒத்துக்கொண்ட ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைத் தொடாமல் தமிழுக்குத் தனி இடம் கொடுத்தது. தளம் முழுவதையும் அதற்கு மாற்றினேன். ரொறன்ரோத் தாய் அதையும் தன் கணினியில் ஏற்றிக்கொண்டார். இந்த முறை தமிழ் தெரிந்தது. ஓர் எழுத்து மட்டும் தெரியவில்லை. 'இ'. அறிஞர்கள் அதற்குக் கொடுத்த இடத்தில் சில கணினிகள் எதையுமே காட்டுவதில்லை என்று பிறகு அறிந்தோம். அவருடைய திரையில் இந்து 'ந்து' ஆகியிருந்தது. இலங்கைக்குத் தலை போயிருந்தது. அதைப் பற்றி அவர் முறையிடவில்லை.

"ஐயா, அந்த டொக்டர் பிள்ளைக்குச் செவ்வாய் தோஷம் எண்டு போட்டிருக்கிறியள். பிறகு 'ல்லை' எண்டு ஏதோ கிடக்கு. தோஷத்தைப் போட்டிட்டு மறைக்கப் பாக்கிறியளோ?"

"இல்லை அம்மா, அது 'இல்லை'."

"அதைத்தான் கேக்கிறன். என்னத்தை இல்லை எண்டுறியள்?"

டொக்டர் பிள்ளை பன்னிரண்டாவதாக வேண்டாம் எனப்பட்டார்.

மிச்சம் ஒரு வழிதான் இருந்தது. எழுத்தைப் படமாக்கிப் போடுவது. படத்துக்கு முகமூடி தேவையில்லை. எந்தக் கணினியிலும் அப்படியே தெரியும். ஆனால் கனம். தொலைபேசி வழியாக மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கும். முதலில் ஒரு படத்தைச் செய்து, எல்லா எழுத்தும் தெளிவாக விழுகிறதா என்று பார்க்க நினைத்தேன். உண்மையான பெண் எவருடைய விபரத்திலும் எல்லா எழுத்தும் இராது. அதனால் எழுத்துகளுக்காகவே ஒரு பெண்ணை உண்டாக்கினேன்.

ஐ வேண்டும் என்பதால் அவளை ஐந்தடி நான்கு அங்குலம் ஆக்கினேன். ஊவுக்காக ஊசிவேலை. ஓவுக்காக ஓவியம். ஙவுக்காகச் சங்கீதம். க்ஷவுக்காக லக்ஷணமான முகம். ஔவுக்குச் சொல் கிடைக்காமல் தவித்து, 'ஔடத அறிவும் உண்டு' என்று போட்டேன். கடைசியில் ஃ நின்றது. 'எஃகு போன்ற ஒழுக்கம்' என்று முடித்தேன். படம் அழகாக வந்தது. அங்கிள் அந்தக் கொடி எழுத்துருவை இதற்காவது போடும்படி கெஞ்சியதால் அதிலேயே செய்திருந்தேன். தளத்தில் ஏற்றிச் சோதித்துவிட்டு எடுத்துவிட இருந்தேன். அங்கிள் தடுத்தார்.

"கிடக்கட்டும் பிள்ளை. சீலைக் கடை வாசலில பொம்மைக்குச் சீலை உடுத்தி வைக்கிறதில்லையோ? மற்ற ஆக்களின்ரயையும் படமா மாத்தும் மட்டும் கிடக்கட்டும்."

அதற்கிடையில் உலகத்தின் எல்லாக் கணினியிலும் முழுதாக, கொம்பு முறியாமல், 'இ' விழாமல் தெரிந்த ஒரே பெண் அவள்தான். தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒஸ்லோவிலிருந்து ஒரு கணக்காளர். லண்டனில் பெற்றோல் நிலையம் வைத்திருந்த ஒருவர். சிட்னியிலிருந்து ஒரு தகப்பன், "ஔடதம் தெரிஞ்ச பிள்ளை எங்களுக்கு வசதி, எனக்குச் சலரோகம், சீனி வருத்தம்," என்றார். புகைப்படம் இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. கூச்சமுள்ள பிள்ளை என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். பெயர் இல்லை என்பதையும் நல்ல குடும்பத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

ரொறன்ரோத் தாய் அழைத்தபோது குரல் இளகியிருந்தது. "ஐயா, இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளையை ஏன் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? எஃகு போல ஒழுக்கம் எண்டு ஒருத்தரும் எழுதுறதில்லை. எல்லாரும் அடக்கமானவள் எண்டுதான் எழுதுவினம். அதுக்கு மேல ஒரு வார்த்தை போட்டிருக்கிறியள். எனக்கு அது காணும்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். அங்கிளோ, "சாதகம் பாக்க வேணும்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். உண்மைப் பெண்கள் முப்பது பேர் பக்கத்தில் காத்திருந்தார்கள். டொக்டர் பிள்ளையைக் காட்டினார், ஆசிரியையைக் காட்டினார், வங்கியில் வேலை செய்தவளைக் காட்டினார். எல்லாரையும் அந்தப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து வேண்டாம் என்றார்கள். ஒருத்திக்குச் சங்கீதம் இல்லை. ஒருத்திக்கு ஊசிவேலை இல்லை. ஒழுக்கத்தைப் பற்றி எவரும் எஃகு அளவுக்கு உறுதி தரவில்லை.

"சொல்லுங்கோவன், அப்பிடி ஒரு பிள்ளை இல்லையெண்டு," என்றார் அன்ரி.

"சொன்னால் மற்ற ஆக்களும் இல்லையெண்டு நினைப்பினம்," என்றார் அங்கிள். அதில் நியாயமும் இருந்தது.

கடைசியில் அவளுக்குக் கலியாணம் செய்துவைப்பது என்று முடிவாயிற்று. 'இவருக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது' என்று நான் இன்னொரு படம் செய்து ஏற்றினேன். அதன் பிறகுதான் எங்கள் தளம் பேர் வாங்கியது. அப்பேர்ப்பட்ட பெண்ணைக் கட்டிக்கொடுத்த தரகர் என்று பெண் வீட்டார் தேடி வந்தார்கள். மாப்பிள்ளை என்ன வேலை, எந்த ஊர் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அங்கிள் தொழில் தர்மம் கருதிச் சொல்ல மறுத்தார். மீதிப் பெண்களையெல்லாம் படமாக்க எனக்கு மாதக்கணக்கானது. முடிக்குமுன்பே அங்கிள் பொறுமை இழந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார். மேலே 'வணக்கம்' என்ற ஒரு சொல் மட்டும் தமிழில், படமாக, கொடி எழுத்தில் நின்றது. எங்கள் பாஷையின் மரியாதையை அது பார்த்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் பெண்கள் நன்றாகவே போனார்கள். டொக்டர் பிள்ளையும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோத் தாய் கொழும்புக்கு வந்தார். யுத்தத்தில் பாதை பூட்டியிருந்ததால் யாழ்ப்பாணம் போக முடியாமல் நேரே எங்கள் முன்னறைக்கு வந்தார். மகனுக்கு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கை நிறைய வளையல், நல்ல உயரம், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை. நான் கணினிக்கு முன்னால் இருந்தேன்.

"இவதான் எங்கட வெப்சைற்றை எழுதுற பிள்ளை," என்று அங்கிள் பெருமையாகச் சொன்னார்.

"அப்ப அந்தப் பிள்ளையின்ர விபரமும் இவவே எழுதினவ?"

"ஓம் அம்மா," என்றேன்.

"நல்ல தமிழ். எழும்பும் பாப்பம்."

ஏன் என்று தெரியாமலே எழும்பினேன். மேலிருந்து கீழே, தொலைபேசி வழியாக இறங்குகிற படம் போல, அவர் கண் மெதுவாக இறங்கியது. பாட வருமா என்று கேட்டார். வராது என்றேன். தைப்பீரோ என்றார். பொத்தான் மட்டும் என்றேன். அவர் பெருமூச்சுடன் அங்கிளின் பக்கம் திரும்பினார்.

"நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தப் பிள்ளை மாதிரி வராது ஐயா."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. நான் அரை நாளில் விசைப்பலகையில் செய்தெடுத்த ஒருத்தியிடம் தோற்றுவிட்டு, அவளைத் திட்டவும் வழியில்லாமல் நின்றேன். சமையலறைக்குள் போனேன். அன்ரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அவவின்ர மகனை நான் ஒருக்கால் போட்டோவில கண்டனான் பிள்ளை," என்றார், துருவுவதை நிறுத்தாமல். "நீர் தப்பிச்சீர். இந்தாரும், இந்தப் பாதியைத் துருவும்."